அங்கே எனக்கு ஐந்நூறு வயசு!

போன வைகாசியில் ஒரு ராத்திரி. தா.பழூரில் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் பாய் விரித்தோம். பிளஸ் டூ முடித்த என் மகள், தெற்கே கொள்ளிடத்துப் பக்கம் தாழ்வாக மின்னியதைக் காட்டினாள்.

"ஆல்ஃபா சென்டாரி, அம்மா! பார்க்க ஒண்ணு, உண்மையில் ரெண்டு. 1689-ல் நம்ம புதுச்சேரியிலிருந்து ரிஷோ பாதிரியார் கண்டுபிடிச்சது. கூடவே கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் குள்ள நட்சத்திரம், பிராக்ஸிமா. அதை ஒரு கிரகம் சுற்றுதுன்னு 2016-ல் அறிவிச்சாங்க. அங்கே 11 நாள்தான் ஒரு வருஷம்!"

"தண்ணி இருக்குமா?"

"சூடு அளவாத்தான் இருக்கணும். ஆனா அந்த நட்சத்திரம் அடிக்கடி சீறும். காற்று தங்கியிருக்குமோ என்னவோ!"

மாமியார் முணுமுணுத்தார்: "பதினேழு வயசாச்சு. வரன் பார்க்கிற நேரத்தில் நட்சத்திரமாம்!"

"அங்கே எனக்கு ஐந்நூற்றைம்பது வயசு, அப்பாயி!"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சுருக்கென்றது. அதே வயதில் என் புத்தகங்களைப் பரணில் ஏற்றியவள் நான். மறுநாளே பௌதிகப் படிப்புக்கான விண்ணப்பத்தை என் கணவரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

மாமியார் இன்னும் முறைக்கிறார். ஆனால் சகோதரிகளே, இப்போது ராத்திரியானால் "எங்கேடி அந்த நட்சத்திரம்?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்!