கேளாமல் தரும் தீர்ப்பு

விடுதியில் ஒருநாள் இரவு உணவுக்குப் பின், பேச்சு அகதிகளைப் பற்றித் திரும்பிற்று. "அனுமதி இல்லாமல் வந்தவனை வந்த வழியே அனுப்புவதில் என்ன தவறு?" என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அன்று விடை தோன்றவில்லை. பின்னர் ஒரு வழக்கைப் படித்தேன். அதன் துணைகொண்டு இன்று விடை கூறுகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள். லிபியாவிலிருந்து மூன்று படகுகளில் ஏறத்தாழ 200 பேர் இத்தாலியை நோக்கி வந்தனர். லாம்பெடூசாத் தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில் இத்தாலியக் கப்பல்கள் அவர்களை மறித்து ஏற்றிக்கொண்டன. பின்னர் அக்கப்பல்கள் லிபியாவின் திரிப்போலித் துறைமுகத்துக்கே திரும்பின. எங்கே போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. நீ யார், ஏன் வந்தாய் என்று கேட்கவும் இல்லை.

அவர்களுள் சோமாலியர் 11 பேரும் எரித்திரியர் 13 பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். நடுக்கடலில் நடந்தது மீட்புப் பணியே என்று இத்தாலி வாதாடியது. 2012 பிப்ரவரி 23ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாக அதனை மறுத்தனர். ஒரு நாட்டின் கப்பல் தளத்திலும் அந்நாட்டின் பொறுப்பு தொடர்கிறது என்றனர்.

ஆயின், ஒரு நாடு தன் எல்லையைக் காக்க வேண்டாமா? காக்கட்டும். வருவோர் அனைவரையும் ஏற்றுக்கொள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உயிருக்கோ உரிமைக்கோ கேடு சூழும் இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்பதே 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் விதி. ஒருவன் அகதியா அல்லனா என்பதைக் கேட்டறியாமல் எங்ஙனம் முடிவு செய்வது? சோதனையே செய்யாமல் முடிவை மட்டும் எழுதி வந்தால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏட்டைத் தூக்கி எறிவார்கள். மனித உயிருக்கு அந்த அளவு கவனமேனும் வேண்டாமா?

தீர்ப்புக்குப் பின்னும் வேறு வழி கண்டார்கள். 2017இல் இத்தாலி லிபியாவோடு ஓர் உடன்பாடு செய்தது. லிபியக் கடற்காவலருக்குப் படகும் பயிற்சியும் தந்து உதவியது. தான் செய்யக் கூடாததைப் பிறர் கையால் செய்வித்தால் பழி நீங்கிவிடுமா?

நம் நாடு அந்த 1951 உடன்படிக்கையில் கையொப்பம் இட்டதில்லை. எனினும், குடிமகன் ஆயினும் அயலவன் ஆயினும் ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996இல் சக்மா மக்களின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஆதலின் இது யாரோ எங்கோ கவலைப்பட வேண்டிய செய்தி அன்று.

தோழர்களே, நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் விடுமுறை விட்டால் ரயில் ஏறுகிறோம். வீட்டில் சோறு காத்திருக்கிறது. அகதிக்கோ திரும்பும் வழியில்தான் ஆபத்து காத்திருக்கிறது. "வந்த வழியே அனுப்பு" என்று சொல்லுமுன், அந்த வழி எங்கே கொண்டு சேர்க்கும் என்று ஒரு முறை கேட்போம். நண்பருக்கு நான் கூறும் விடை இதுவே.