கடல் கடக்குமுன் கார்வேட்டிநகரம்



விடுமுறை நெருங்கினால் நம்மவர் பேச்செல்லாம் பாங்காக்கைப் பற்றித்தான். பொன் வேய்ந்த புத்தர் கோயில்கள், அரண்மனை, கடைத்தெரு எல்லாம் காணத் தக்கவையே. அங்குள்ள பெரிய ஊஞ்சல் தூண்களைக் காணும் தமிழனுக்கு உள்ளம் பூரிக்கும். அங்கு ஊஞ்சலாடி நடத்திய விழாவுக்குத் திருவெம்பாவை, திருப்பாவை என்ற நம் பெயர்களே சயாமியர் நாவில் திரிந்து வழங்கின. அந்த ஊஞ்சலாட்டம் 1930-களில் நின்றுவிட்டது, தூண்கள் நிற்கின்றன. பொருள் உள்ளோர் போய்ப் பார்க்கட்டும். நான் கேட்பது வேறு. திருப்பதியில் படிக்கும் நாம், ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய கார்வேட்டிநகரத்தைப் பார்த்திருக்கிறோமா?

அதுவும் ஒரு காலத்தில் தலைநகர்தான். திருத்தணியையும் உள்ளடக்கிய பெரிய ஜமீனுக்கு அதுவே தலைமை ஊர். வேணுகோபால சுவாமி கோயிலும் கந்தபுஷ்கரணி என்னும் குளமும் அவ்வூரின் பழம்பெருமையை இன்றும் சொல்கின்றன. வேணுகோபாலன் பெயரையே முத்திரையாக வைத்துத் தெலுங்குப் பதங்கள் பாடிய சாரங்கபாணி அந்த அரசவையைச் சேர்ந்தவர். சென்னை மேடைகளில் நாட்டியம் ஆடுவோர் அவர் பதங்களுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். பார்த்துக் கைதட்டும் நாம் அவர் ஊரை அறியோம்.

ஏன் இந்த நிலை? 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை மாறியது. படாஸ்கர் பரிந்துரையின் வழியில் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. அன்று முதல் நம்மிடையே இரு வகையினர். "அது நாம் இழந்த மண்" என்று பெருமூச்சு விடுவோர் ஒரு வகை. "அது தெலுங்கர் ஊர், நமக்கென்ன?" என்போர் மற்றொரு வகை. இரு வகையினரும் அங்குப் போவதில்லை என்பதே வேடிக்கை!

எல்லைக் கல் ஆட்சிக்கு வேண்டும். அதை நெஞ்சில் நட்டுக்கொள்வானேன்? அயல்நாட்டில் தமிழின் சுவடு கண்டால் மகிழ்கிறோம். அண்டை ஊரில் தெலுங்கின் செல்வம் கண்டால் மட்டும் முகம் திருப்புவது நேர்மையாகுமா? "எங்களுடையது எது?" என்று கணக்கெடுக்கப் போவது ஊர் பார்ப்பது ஆகாது. அடுத்த வீட்டாரின் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பதே ஊர் பார்ப்பது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. இவ்வாண்டுச் சுற்றுலாவைக் கார்வேட்டிநகரத்துக்கு வைப்போம். பேருந்தில் பாதி இடம் நம் வகுப்புத் தெலுங்குத் தோழர்களுக்கு. வழியில் நாராயணவனம், பத்மாவதி திருமணம் அங்கு நடந்ததாக ஐதிகம். நேரம் இருந்தால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்ததாகச் சொல்லப்படும் ஊர். அங்குள்ள வேதநாராயணர் கோயிலில் பங்குனியில் கதிரவன் ஒளி மூலவர்மேல் விழும். திரும்புகையில், எலும்பு முறிவுக் கட்டால் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்ற புத்தூரில் இறங்குவோம். மாம்பழக் காலமாயின் கிளிமூக்கு மாம்பழமும் வாங்கி வரலாம்.

செலவு பெரிதன்று. கடவுச்சீட்டு வேண்டா. கோயிலில் சாரங்கபாணியின் பதம் ஒன்றைத் தெலுங்குத் தோழர் பாட, அதன் பொருளை நாம் கேட்டறிந்து தமிழில் எழுதி இம்மலரின் அடுத்த இதழில் வெளியிடுவோம். அதன்பின் பாங்காக்குக்கும் போகலாம். செயற்குழுவினர் ஆவன செய்வார்களாக!