கோடரிக்கு முன்னே வரும் காகிதம்

2021 டிசம்பரில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, பெய்த மழையின் அளவைத்தான் எல்லாரும் பேசினோம். அந்த மழையைத் தாங்கிக்கொள்ள கிள்ளான் ஆற்றுப்படுகையில் எவ்வளவு காடு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

அமேசானில் மாட்டு மேய்ச்சலுக்காகக் காடு எரிகிறது. காங்கோவில் பெரும்பாலும் சிறு விவசாயியின் பிழைப்புக்காக. கிள்ளான் படுகையிலோ பசிக்காக வெட்டப்பட்ட காடு குறைவு. உரிமம் பெற்று, வரைபடம் போட்டு, அரசின் முத்திரையுடன் வெட்டப்பட்டதே அதிகம். 1857-இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங் பக்கம் வந்தார்கள். ஈயத்தை உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஈயச் சுரங்கங்களான லம்பங்களில் கழுவிய மண் ஆற்றில் படிந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பிறகு கட்டடங்களைச் செங்கல்லில் எழுப்பச் சொன்னார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம். பிரிக்பீல்ட்ஸ் சூளைகள் பெருகின. சூளைக்கும் விறகுதானே எரிய வேண்டும்?

அடுத்து வந்தது ரப்பர். இந்த அத்தியாயத்தில் நம் பங்கும் உண்டு. கங்காணி அழைத்துவந்த தமிழர்கள் காடு இருந்த இடத்தில் பால்மரம் வளர்த்தார்கள், லயங்களில் வாழ்ந்தார்கள், கோயில் கட்டினார்கள். பிறகு அந்தத் தோட்டங்களே நகரங்களாயின. எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவானது, சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவானது. நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் தோட்டத் தொழிலாளி வெளியே நின்றார். காட்டழிப்புக் கணக்கிலோ இவை சேரவே இல்லை. காடுதான் முன்பே போய்விட்டதே! தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியாது. ரப்பர் தோட்டத்து மண் ஓரளவாவது மழையைக் குடித்தது, தாரும் சிமெண்டும் குடிப்பதில்லை.

தோட்டங்கள் தீர்ந்துவரும் இக்காலத்தில் கண் காப்புக்காடுகள்மேல் விழுகிறது. கூட்டரசு அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் உள்ளன. மாநிலத்தின் வருவாயில் நில பிரீமியமும் நிலவரியும் முக்கியமானவை. காட்டைக் காட்டாகவே வைத்திருந்தால் கஜானாவுக்கு வருவது சொற்பம். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஷா ஆலத்தின் புக்கிட் செராக்காவைப் பாருங்கள். 1909-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அதில் 406 ஹெக்டர் 2000-ஆம் ஆண்டிலேயே காப்பிலிருந்து விலக்கப்பட்டுவிட்டதாக, 2022-இல் முன்தேதியிட்டு அரசிதழ் வந்தது. பக்கத்து லங்காட் படுகையில், தெமுவான் பூர்வக்குடியினர் நம்பி வாழும் கோல லங்காட் வடக்குக் காட்டைக் காக்கவேண்டும் என்று சிலாங்கூர் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகும் 2021-இல் 536 ஹெக்டருக்கும் மேல் விலக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்ததால் அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு காகிதத்தால் போக இருந்த காடு, மக்கள் குரலால் நின்றது.

காப்புக்காட்டை விலக்குமுன் பொது விசாரணை நடத்தவேண்டும் என்று 2011-இலேயே சிலாங்கூர் சட்டம் செய்தது. 2022-இல் தேசிய வனச் சட்டத்திலும் இந்த விதி சேர்ந்தது. குறையாத பரப்பில் ஈடுநிலம் தரவேண்டும் என்பதும் சேர்ந்தது. நல்லதுதான், ஆனால் போதாது. வேறு மாவட்டத்தில் நட்ட மரம் கிள்ளானின் வெள்ளத்தை எப்படித் தடுக்கும்? ஈடுநிலம் அதே ஆற்றுப்படுகைக்குள் இருக்கவேண்டும். முன்தேதியிட்டுக் காட்டை விலக்குவதைச் சட்டம் தடை செய்யவேண்டும்.

கோல லங்காட் விவகாரத்தில் ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைத்த அவகாசம் 30 நாள். அடுத்த அறிவிப்பு வரும்போது நம் கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பட்டதாரி அமைப்புகளும் அந்தக் கெடுவுக்குள் எழுதட்டும், விசாரணைக்கு நேரில் போய்ப் பேசட்டும்.