கைக்கெட்டிய கண்டக்டர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ரயிலை மட்டும் நம்பி ஆபீஸ் போக முடியாது சார், பஸ்தான் கதி! 2018 ஜனவரி 4-ம் தேதி அரசு பஸ் ஸ்டிரைக். எட்டு நாள் என் காதில் விழுந்ததெல்லாம், 'இவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பத்தாதுப்பா!'

அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கச் சொன்னார்கள், அரசு 2.44 என்றது. அந்தப் பெருக்கல் கிடக்கட்டும். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணமே கட்டப்படவில்லை என்றும் சொன்னார்களே... நம்ம ஆபீஸில் அப்படி நடந்தால் சும்மா இருப்போமா?

11-ம் தேதி ஸ்டிரைக் வாபஸ். 20-ம் தேதி கட்டணம் எகிறியது. ஏற்றியது அரசு, திட்டு வாங்கியது கண்டக்டர். கைக்கெட்டும் தூரத்தில் அவர்தானே நிற்கிறார்!

அடுத்த ஸ்டிரைக்கில் வாயைத் திறக்குமுன், உங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.