அன்று அவநம்பிக்கை, இன்று அவசரம்

1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பூஜைக் காலத்தில் பிறந்ததால் துர்கா என்று அழைக்கப்பட்ட அவள்தான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை. உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது பத்து வாரங்களே ஆகியிருந்தன.

இங்கிலாந்து மருத்துவர்கள் இயற்கையாக முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையைத்தான் எடுத்தார்கள். கல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகர்ஜியோ ஹார்மோன் ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளரச் செய்தார். உருவான கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் இவை அன்றாட நடைமுறைகள். அன்று மாநில அரசு அமைத்த நிபுணர் குழு அவரை நம்பவில்லை. ஜப்பானுக்குச் சென்று ஆய்வை விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர், அதே ஆண்டு ஜூன் 19 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த சோதனைக் குழாய் குழந்தைக்குக் காரணமான விஞ்ஞானிகளில் ஒருவர் டி.சி. ஆனந்தகுமார். அவரே 1997இல் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலிடம் முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார்.

மருந்தை நம்பாத காலம் போய், மருந்தை மட்டுமே நம்பும் காலம் வந்துவிட்டது. லேக் மார்க்கெட்டின் தமிழ்க் குடும்பமானாலும் திருநெல்வேலிக் குடும்பமானாலும், கல்யாணமான ஆறே மாதத்தில் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அக்காவுக்குப் பலித்த மாத்திரை தங்கைக்கும் பலிக்கும் என்று பழைய சீட்டு கைமாறுகிறது.

அந்த மாத்திரை பெரும்பாலும் குளோமிஃபீன், அல்லது லெட்ரோசோல். மாதவிலக்கின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் சாப்பிடுவது வழக்கம். உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நம்பவைக்கிறது குளோமிஃபீன். லெட்ரோசோல் அதன் உற்பத்தியையே குறைக்கிறது. இரண்டிலும் பிட்யூட்டரி சுரப்பி முடுக்கிவிடப்பட்டு முட்டை வளர்கிறது. முட்டை ஒழுங்காக வெளிவராத பெண்களுக்கு இது பெரிய வரம்.

மார்பகப் புற்றுநோய்க்காக வந்த லெட்ரோசோலின் கதை தனி. குழந்தையின்மைக்கு அதைக் கொடுக்க 2011 அக்டோபரில் இந்திய அரசு தடை விதித்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேரும், குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேரும் குழந்தை பெற்றிருந்தார்கள். 2017இல் தடை நீங்கியது. இன்று இப்பிரச்சினைக்குச் சர்வதேச வழிகாட்டு நெறிகள் முதலில் சொல்வது லெட்ரோசோலைத்தான்.

ஆனால் சிறந்த மருந்திலும் பத்தில் ஏழு பேருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். இன்னொரு பக்கம், குளோமிஃபீனில் கருவுற்றவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இரட்டைக் கரு தங்கலாம். பார்வை மங்கினால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முட்டை எப்படி வளர்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்து மருத்துவர்தான் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பலன் இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை, வீணாவது வயது.

ஓராண்டு முயன்றும் பலனில்லை என்றால், முப்பத்தைந்தைக் கடந்த பெண்ணானால் ஆறு மாதத்திலேயே, தம்பதி சேர்ந்து மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கணவனின் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனாலும் பல வீடுகளில் அது கடைசியில்தான் நடக்கிறது. அதுவரை மனைவி மட்டும் மாத்திரை விழுங்குகிறாள், பேச்சும் கேட்கிறாள்.

துர்காவின் தாய்க்குக் கருக்குழாயில்தான் கோளாறு. எத்தனை மாத்திரை விழுங்கியிருந்தாலும் அந்த வழி திறந்திருக்காது. தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் டாக்டர் முகர்ஜி வேறு வழி தேடினார். பழைய சீட்டோடு மருந்துக்கடைக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: தடை எங்கே?