காமாலை எல்லாம் ஒன்றல்ல

பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், கண் மஞ்சளித்ததும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலை பலருக்குத் தானாகவே தணிகிறது. பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலை வேறு. சிறுநீர் தே ஓ போலக் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் தேங்கிய பித்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயத்துக்கு இன்று பெரும்பாலும் இடமில்லை. வாய்வழியே எண்டாஸ்கோப்பைச் சிறுகுடல் வரை செலுத்தி, பித்தக்குழாயின் வாயைச் சற்றே வெட்டிக் கல்லை எடுக்கிறார்கள். 1974 முதல் உள்ள முறை இது. அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைக்கும் வழியை 1979-இல் ஹாம்பர்க்கில் காட்டியவர், நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் பிறந்த நிப் சுஹேந்திரா. அதுவும் இயலாதபோது தோல் வழியே கல்லீரலுக்குள் மெல்லிய குழாய் செலுத்திப் பித்தத்தை வடிக்கலாம். நம் பக்கத்துச் செலாயாங் அரசு மருத்துவமனை கல்லீரல், பித்தக்குழாய்ச் சிகிச்சைக்கே பெயர்பெற்றது.

என் கவலை அதற்கடுத்த கட்டம் பற்றியது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமன்று. பொதுவாக மூன்று மாதத்தில் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். மஞ்சள் வடிந்து பசி திரும்பியதும் அந்தத் தேதி மறந்துபோகிறது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பழைய காய்ச்சல் இன்னும் மூர்க்கமாக வரும். கையில் ஒரு அட்டை கொடுத்தால் போதாது. வயதான நோயாளியின் வீட்டுக்கு மருத்துவமனையே அழைத்து, அவருக்குப் புரிகிற தமிழில் தேதியைச் சொல்ல வேண்டும்.