பரிசு உண்டு என்றால் போதுமா?



தீபாவளி நெருங்கிவிட்டால் ஈப்போ கடைத்தெருவில் துணிமணிகளுக்குப் போட்டியாகப் பரிசு அறிவிப்புகளும் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. வண்ணத்தாளைப் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டினால் எந்தத் தாய்க்குத்தான் ஆசை வராது? ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் 50 வெள்ளிக்குச் சாமான் வாங்க வந்தவர், இன்னொரு கூப்பனுக்காக 100 வெள்ளியைக் கரைத்துவிட்டுப் போகிறாரே, அங்கேதான் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

அண்மையில், ஜாலான் லகாட் பக்கம் சிறிய துணிக்கடை நடத்தும் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவர். "சார், கடையில் பரிசுப் போட்டி வைக்கிறேன். உங்கள் பகுதியில் நாலு வரி எழுதிவிடுங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. விளம்பரத்திற்கு இதழில் வேறு பக்கம் இருக்கிறது! ஆனால் அவரிடம் நான் கேட்டவற்றை உங்களிடம் சொல்லலாம். 'முதல் பரிசு குளிர்பதனப் பெட்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டிக்குக் கடைசி நாள் எது? வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? வென்றவர் பெயரை எங்கே அறிவிப்பார்கள்? கடைக்காரரின் உறவினர் கலந்துகொள்ளலாமா? தாளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் ஏமாற்ற நினைப்பவர் அல்லர். எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பரிசு அறிவிப்பில் ஒரு சிறு பிழை என்ன பாடு படுத்தும் என்பதற்கு 1992-இல் பிலிப்பைன்ஸில் நடந்ததைச் சொன்னேன். பெப்சி நிறுவனம் புட்டி மூடிகளின் உள்ளே மூன்று இலக்க எண்களை அச்சிட்டு, உச்சப் பரிசாக 10 இலட்சம் பெசோ என்று அறிவித்திருந்தது. மே 25-ஆம் தேதி தொலைக்காட்சியில் 349 என்ற எண் வெளியானது. பெரும் பரிசுக்கென்று இருந்த மூடிகள் இரண்டே இரண்டு. பிழையால் அதே எண் ஏறக்குறைய 8 இலட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது! அந்த மூடிகளில் உரிய பாதுகாப்புக் குறி இல்லை என்று நிறுவனம் கைவிரித்தது. ஆளுக்கு 500 பெசோ தர முன்வந்தபோது, நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் வீதிக்கு வந்தார்கள். லாரிகள் எரிந்தன, உயிர்களும் போயின. நிறுவனத்தின் மீது பொறுப்பில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. மூடியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஏழைகளுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன ஆறுதல்?

நம் நாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. சோப்பு, மாவுப்பால் போட்டிகளில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, 'நான் இதை விரும்புவதற்குக் காரணம்...' என்ற வாக்கியத்தை 15 சொற்களுக்கு மிகாமல் முடிக்கச் சொல்கிறார்களே, ஏன் தெரியுமா? உரிமம் இல்லாமல் வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிக் குலுக்கிப் பரிசு கொடுத்தால், அது 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தில் சிக்கிவிடும். திறமைக்கு இடம் இருந்தால் அது போட்டி. அந்த ஒரு வாக்கியம் அலங்காரத்துக்காக வைத்தது அன்று!

இங்கேதான் எனக்கொரு மனக்குறை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த நம் தாய்மார்களில் பலர் தமிழில் பழமொழியும் சிலேடையுமாகப் பேசக்கூடியவர்கள். ஆனால் பாரத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுது என்றதும் பேனாவை மகன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தமிழர் காசில் நடக்கும் கடைகளாவது தமிழிலும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்க்கக்கூடாதா? இதைச் சொன்னதும் துணிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே தாளைத் திரும்ப வாங்கினார். புதிய தாளில் கடைசி நாள், நடுவர்கள், பெயர் ஒட்டும் இடம் எல்லாம் இருக்கின்றன. வாக்கியத்தைத் தமிழிலும் எழுதலாம். இருபது சொற்கள் வரை சலுகை கொடுத்திருக்கிறார். தமிழில் வளவளவென்று எழுதுவோம் என்று நினைத்துவிட்டார் போலும்.

இப்படி முறையாக நடக்கும் போட்டியை, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் அட்டையை நீட்டும் 'சுரண்டு, வெல்லு' கூட்டத்தோடு சேர்த்துவிடாதீர்கள். சுரண்டினால் உங்களுக்கு முதல் பரிசு விழுந்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் கைதட்டுவார். பரிசைப் பெற முதலில் வரி கட்டவேண்டும், அல்லது நீர் வடிகட்டி வாங்கவேண்டும் என்பார்கள். கையை உதறிவிட்டு நடையைக் கட்டுங்கள். பரிசு வாங்குவதற்குப் பணம் கேட்டால் அது பரிசு அல்ல, வியாபாரம்.

கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பரிசு அறிவிப்பதும், சொன்னபடி கொடுக்காத எண்ணத்தோடு அறிவிப்பதும் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சின் ஈப்போ அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஏமாந்து பணம் கட்டியவர்கள், 'திரிபுனல்' என்று சொல்லப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் கையில் தாள் இருக்க வேண்டுமே! ரசீது, கூப்பனின் மறுபாதி, போட்டி அறிவிப்பு மூன்றையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். ரசீதின் மை நாளாவட்டத்தில் மங்கிவிடும். அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.